ஆலயத்தில் எழும் அயற்குரல்

அக்கரைப்பற்றை அடுத்து, வயல்வெளிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஆலையடிவேம்பிலே ஞாயிற்றுக்கிழமைக் காலை ஓசை நிறைந்தது. வைகறையிலே பள்ளிவாசல்களின் பாங்கொலி காற்றோடு வந்து சேரும். அது அடங்கிய சிறிது பொழுதிற் கோயில் மணி எழும். வெயில் ஏறியதும் வயலுக்குச் செல்லும் உழவு இயந்திரங்களின் இரைச்சல். அதனூடே தேவாலயத்து மணி. இத்தனை ஓசைக்கும் பழகிப்போன காதுகளை உடையவர்கள் நாம். ஆயினும், போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும் வேளையிலே தேவாலயத்தினுள் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுவிட்டால், முன்வரிசை முதற் பின்வரிசை வரை அத்தனை தலைகளும் திரும்புகின்றன. தாய் குற்றவாளியைப்போல் எழுந்து வெளியே போகின்றாள். அவள் போனபின் கதவு மெல்லச் சாத்தப்படுகின்றது.

அந்தக் கதவைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

ஆராதனைக்கு இடையூறு என்று நாம் சொல்வது ஒரு பொருளன்று. அழுகின்ற குழந்தை உண்டு. சித்தம் கலங்கி இடையில் எழுந்து பேசுகின்றவர் உண்டு. குடித்துவிட்டு வந்து பின்வாங்கிலில் விம்மியழுகின்றவர் உண்டு. ஆவியினால் ஏவப்பட்டேன் என்று உரத்த குரலெடுக்கும் பக்தர் உண்டு. போதகரின் கூற்றை மறுத்துக் கேள்வி கேட்பவரும் அருமையாக உண்டு. வெளியிலிருந்து கல்லெறியும் கூட்டம் உண்டு. கடைசியாக, கொல்ல வருகின்றவனும் உண்டு. நம் திருச்சபைகள் இவர்களைத் தரம் பிரித்தறியத் தவறுகின்றன என்பது என் முறைப்பாடு. தவறுவதற்குக் காரணம், சபையார்க்கு வழிபாட்டில் உரிய பங்கு யாது என்பதை முதலில் தீர்மானிக்காமையே என்பது என் துணிபு. பேசுவதற்கு இடமே வையாத சபையிலே, பேசுகின்றவன் எவனும் இடையூறு செய்பவனாகவே தோன்றுவான்.

விவிலியத்தை விரித்தால் அங்கே அமைதியான சபையைக் காண்பது அரிது. கப்பர்நகூம் செபக்கூடத்திலே இயேசு போதித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் கூச்சலிட்டான். எரிகோவின் வழியருகே பார்வையற்ற பர்த்திமேயு கூவியழைத்தபோது அவனை அதட்டி அடக்கியவர்கள், இயேசுவோடு கூடச் சென்ற கூட்டத்தாரே. நின்று அவனை அழைப்பித்தவர் இயேசு. எருசலேம் ஆலயத்திலே சிறுவர் ஆர்ப்பரித்தபோது சினந்தவர்கள் குருமாரும் வேதபாரகரும். துரோவா பட்டினத்திலே பவுல் நள்ளிரவு வரை பேச்சை நீட்டியபோது, சாளரத்தில் அமர்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் பேச்சை நிறுத்தி இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார். பின்னர் மேலே ஏறி அப்பம் பிட்டு, விடியும்வரை பேசினார். இந்நிகழ்ச்சியைப் பிரசங்கிகள் உறங்குவோர்க்கு எச்சரிக்கையாக எடுத்துரைப்பர். நீண்ட பிரசங்கம் செய்வோர்க்கு எச்சரிக்கையாக எடுத்துரைத்த ஒருவரை நான் இன்னும் கேட்டிலேன்.

இவ்விடயத்திற் பவுலடியாரின் சட்டம் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் உள்ளது. சகலமும் ஒழுங்காக நடக்கவேண்டும் என்ற அதன் முடிவை அறியாத கிறிஸ்தவர் இலர். பல ஆலயங்களிலே ஒழுங்கு என்னும் சொல்லுக்கு அதுவே சான்றாகக் காட்டப்படுகின்றது. ஆயின் அந்த முடிவுக்கு முன்னே வருவன யாவை? கூடிவரும்போது ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இருக்கின்றது. ஒருவரிடம் சங்கீதம், ஒருவரிடம் போதனை, ஒருவரிடம் வெளிப்பாடு. இருவரோ மூவரோ முறைமுறையாகப் பேசட்டும், மற்றவர்கள் அதை நிதானிக்கட்டும் என்கின்றார். இன்னும் ஒரு படி மேலே சென்று, அமர்ந்திருக்கும் ஒருவனுக்கு ஏதேனும் வெளிப்பட்டால் முன்பு பேசிக்கொண்டிருந்தவன் பேசாதிருக்கவேண்டும் என்கின்றார். இதை ஊன்றி நோக்குக. வாயை மூடும்படி இங்கே கட்டளை பெறுபவன் நின்று பேசுகின்றவன். வாய்ப்புப் பெறுபவன் அமர்ந்திருக்கின்றவன். பவுல் வகுத்த ஒழுங்கு பலர் பேசுவதற்கான ஒழுங்கு. நாமோ அதை ஒருவர் மட்டும் பேசுவதற்கான ஒழுங்காக்கிக்கொண்டோம்.

அதே அதிகாரத்திலே பெண்கள் சபையிற் பேசலாகாது என்ற வரிகளும் உள்ளன என்று மறுப்பவர் மறுக்கலாம். உள்ளன. அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்திலே பெண்கள் செபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் பவுல் இயல்பாகக் கொண்டு பேசுகின்றார் என்பதும் உள்ளது. பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றிலே அவ்வரிகள் வேறோர் இடத்தில் நிற்கின்றன என்பதை ஆய்வாளர் சுட்டுவர். தென்னிந்தியத் திருச்சபை 1976இல் ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தது. அவ்வரிகளைக் கொண்டு இன்றும் வாயடைப்போர் ஏனைய வரிகளையும் அதே கண்டிப்போடு கடைப்பிடித்து, அமர்ந்திருப்பவர் எழுந்ததும் தம் பிரசங்கத்தை நிறுத்துவார்களா என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை.

சபையார் வெறுஞ் செவிகளாக ஆனது ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. கத்தோலிக்கரிடையே குருவானவர் பீடத்தை நோக்கி இலத்தீன் மொழியில் பூசை செய்ய, மக்கள் தம்பாட்டிற் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த காலம் நம் பாட்டன்மார் அறிந்தது. புரட்டஸ்தாந்தரோ பீடத்தின் இடத்திலே பிரசங்க மேடையை உயர்த்தினர். மொழி விளங்கிற்று, ஆயினும் பேசுவோர் தொகை கூடவில்லை. இதற்கு மாற்றுத் தேடியவர் இரு பக்கத்திலும் இருந்தனர். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டெம்பர் 27ஆம் நாள் சென்னையிலே தோன்றியது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் சபைகளும் அதன் ஓர் அத்தியட்சாதீனமாயின. 1950இல் அச்சபை வகுத்த திருவிருந்து முறையிலே மக்கள் மறுமொழி கூறும் இடங்கள் மிகுந்தன. சமாதானம் கையிலிருந்து கைக்குச் சபை முழுவதும் செல்லும் வழக்கமும் இடம்பெற்றது. அடுத்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசெம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, வழிபாட்டிலே முழுமையாகவும் உணர்வோடும் பங்குகொள்வது திருமுழுக்குப் பெற்ற மக்களின் உரிமையும் கடமையும் என்று வரையறுத்தது. உரிமை என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். குருவானவர் மனமிரங்கி அளிக்கும் சலுகை அன்று அது.

தமிழ் மக்களின் பங்கேற்பு என்றதும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நினையாதிருத்தல் இயலாது. 1774இற் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பிலே கற்றவர். பெத்தலகேம் குறவஞ்சி பாடியவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் இக்கரையிற் பாடுகின்றோம். 1820களிலே தஞ்சைக்கு வந்த புதிய மிசனரிமார், பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றினர். திருமணத்திலும் மரணத்திலும் பூச்சூடலைத் தடுத்தனர். தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடும் வழக்கிலே கைவைத்தனர். திருவிருந்திலும் இருக்கையிலும் சாதிப் பிரிவு ஒழியவேண்டும் என்றனர். சாஸ்திரியார் இந்நான்கையும் கொடுமைகள் என்று எழுதிப் போராடினார், பதவியை இழந்தார், கிறிஸ்தவரல்லாத சரபோசி மன்னரே அவரை ஆதரித்தார். மொழிக்காகவும் பாட்டுக்காகவும் அவர் எழுப்பிய குரல், இடையூறென்று கருதப்பட்ட உரிமைக் குரல். ஆயின் நான்காவதில் அவர் காத்தது எதை? தாழ்த்தப்பட்டவர் தம்மோடு அமராதிருக்கும் வசதியை. பங்கேற்புக்காகப் போராடும் கவிஞரே இன்னொருவரின் பங்கை மறுக்கின்றார். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்திலே சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இடிக்கப்பட்டது. இடித்தபோது எழுந்த ஆரவாரத்தைத்தான் அக்காலத்தோர் குழப்பம் என்றனர். சுவர் நின்ற காலம் அவர்களுக்கு அமைதிக் காலம்!

இனி நம் கரைக்கு வருவோம். வைகாசியிலே தம்பிலுவிலிலும் காரைதீவிலும் கண்ணகியம்மனுக்குச் சடங்கும் குளிர்த்தியும் நிகழ்கின்றன. வழக்குரை பாடப்படுகின்றது. அங்கே கூட்டம் கேட்பதற்கு மட்டும் கூடுவதில்லை. பெண்கள் குரவையிடுகின்றனர், தெய்வம் ஏறி ஆடுவோர்க்கு மக்கள் இடம் விட்டு விலகி நிற்கின்றனர், ஆட்டம் மிகுந்தால் என்ன செய்யவேண்டும் என்பது பூசாரியார்க்குத் தெரியும், சுற்றி நிற்கும் கிழவிகளுக்கும் தெரியும். எவரும் எவரையும் வெளியே தள்ளுவதில்லை. இந்த மண்ணிற் பிறந்து கிறிஸ்தவராகிய ஒருவர் தம் உடலிலே இந்தப் பழக்கத்தையும் சுமந்துகொண்டுதான் தேவாலயத்துள் நுழைகின்றார். பழைய சபைகளிலே அதற்கு இடமில்லை. ஆதலின் அவர் பெந்தெகொஸ்தே சபையை நாடிச் செல்கின்றார். அங்கே எல்லாரும் ஒரே வேளையிற் குரலெடுத்துச் செபிக்கின்றனர், அழுகின்றனர், கைகொட்டுகின்றனர். இதைக் கண்டு மூக்கைச் சுளிக்கும் பழைய சபையார், தம் வாங்கில்கள் வெறுமையாவதன் காரணத்தை மட்டும் வேறெங்கோ தேடுகின்றனர். அங்கும் குறையில்லாமலில்லை. எல்லாரும் ஒருங்கே பேசினால் எவர் சொல்லும் எவர்க்கும் கேட்பதில்லை. மேடையிலே ஒலிவாங்கி வைத்திருப்பவர் குரலே முடிவில் எஞ்சுகின்றது. கொரிந்தியர்க்குப் பவுல் சொன்ன முறைமுறை என்னும் சொல் அவர்களுக்கும் உரியதே.

எனக்குத் தெரிந்த ஒரு சிறு சபையிலே சித்தம் தெளிவில்லாத ஒருவர் ஞாயிறுதோறும் வருவார். பிரசங்கத்தின் நடுவே எழுந்து ஆமென் என்பார். சில நாட்களில் போதகரின் பெயரைச் சொல்லி அழைப்பார். அவரை வெளியேற்றவேண்டும் என்று இரு குடும்பத்தார் வற்புறுத்தினர். அங்கிருந்த முதிய உபதேசியார் எவரையும் கேளாமல் மணிக்கயிற்றை அவர் கையிற் கொடுத்துவிட்டார். அது பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். மணி அடிக்கவேண்டாத வேளையிலும் அடித்தது. ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த விருந்தினர் பேசும்போது மூன்று முறை அடித்தது. ஆயினும் அவர் ஏறத்தாழ ஓராண்டு காலம் அச்சபையின் ஓர் அங்கமாக இருந்தார். உபதேசியார் மாற்றலாகிப் போனபின் கயிற்றை வேறொருவர் வாங்கிக்கொண்டார். அவர் வருவதும் நின்றது.

இவ்வளவும் கூறிய நான் அமைதியின் அருமையை மறுப்பவன் அல்லன். இந்தக் கரையை அறிந்த எவரும் மறுக்க மாட்டார். 2004 டிசெம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். காலை ஆராதனைக்குரிய நேரத்திலேதான் கடல் எழுந்து வந்தது. இலங்கையிலே அம்பாறை மாவட்டக் கரையோரம்போல் உயிர் இழந்த மாவட்டம் வேறில்லை. கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று அப்பெயர்களைச் சொல்லும்போதே நெஞ்சு கனக்கின்றது. அதற்கு முன்னும் பின்னும் போர் கொண்டுபோன பிள்ளைகள் எத்தனை! அவர்களின் தாய்மார் வாரத்தில் ஒரு மணி நேரம் பேசாதிருக்கத் தேவாலயத்துக்கு வருகின்றனர். அவர்களுக்குக் கைகொட்டும் பாட்டும் வேண்டாம், அயலாரின் கட்டாயக் கைகுலுக்கலும் வேண்டாம். மௌனமும் ஒரு பங்கேற்பே. அதைக் காப்பதும் சபையின் கடன். ஆனால் அத்தாய்மாருள் எவரும் ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டு முகஞ்சுளித்ததை நான் கண்டதில்லை. சுளிப்பவர் வேறு எவரோ.

சட்டம் இவற்றை எவ்வாறு காண்கின்றது? 1883இல் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவு, சட்டப்படி கூடி வழிபடுவோர்க்கு வேண்டுமென்றே குழப்பம் விளைவிப்பதைக் குற்றமாக்குகின்றது. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான பிரிவு அது. வேண்டுமென்றே என்னும் அடையை நோக்குக. குழந்தையும் சித்தம் கலங்கியவரும் சட்டத்தின் கண்ணிலேயே குற்றவாளிகள் அல்லர். இங்கிலாந்திலே 1860ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதே நோக்கினது. 1998ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கன்ரபரிப் பேராலயத்திலே பேராயர் ஜோர்ஜ் கேரி பிரசங்கிக்கும்போது, பீற்றர் தட்செல் என்பார் பிரசங்க மேடையில் ஏறித் தம் கட்சியை எடுத்துரைத்தார். அச்சட்டத்தின்படி அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். தண்டம் 18 பவுணும் 60 பென்சும். சட்டத்தின் ஆண்டையே தண்டமாக விதித்த அந்த நீதவானின் நகை ரசிக்கத்தக்கது. பேராயரின் வழிபாடும் காக்கப்பட்டது. மறுத்துப் பேசியவரும் நசுக்கப்படவில்லை. நம் மெதடிஸ்தர் இவ்விடயத்தில் தம் முன்னோரை நினைத்துக்கொள்ளல் நன்று. ஜோன் வெஸ்லி 1739இல் வெளிநிலத்திலே பிரசங்கிக்கத் தொடங்கியபின் கல்லடியும் சேற்றடியும் பட்டவர். ஓரிடத்தில் அவர் கூட்டத்தினுள் காளையையே துரத்திவிட்டனர். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ற் அந்த மரபினர். ஆலயங்களால் அமைதிக் குலைவோர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வழியினரே இன்று அமைதி காக்கும் அறிவித்தலைச் சுவரில் ஒட்டுகின்றனர்.

உண்மையான இடையூறு எத்தகையது என்பதைக் கிழக்கிலங்கை அறியும். 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயத்தினுள்ளே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறன்று, அனுராதபுரத்து மெதடிஸ்த வழிபாட்டு நிலையம் ஒன்றைக் கூட்டமொன்று தாக்கியது. அடுத்த ஞாயிறு ஏப்ரல் 21. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களோடு மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் குண்டுக்கு இலக்காயிற்று. சீயோனிலே மாண்டவருட் குழந்தைகள் பலர். ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்றவர்கள். ஐந்து நாள் கழிந்து இக்கரையிலேயே, சாய்ந்தமருதிலே, ஒரு வீட்டினுள் குண்டுகள் வெடித்து அங்கும் சிறுவர் மாண்டனர். அவ்வீட்டைப் பற்றி ஐயுற்று அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே.

சீயோனுக்கு வந்தவன் கூச்சலிடவில்லை, குழப்பம் விளைவிக்கவில்லை, பையைச் சுமந்துகொண்டு ஆராதனை எப்போது தொடங்கும் என்று அமைதியாகக் கேட்டான். நம் அறிவித்தல் பலகைகளின் அளவுகோலால் அளந்தால் அவன் ஒழுங்கானவன். அவனை உள்ளே விடாது முற்றத்திலே தடுத்து நிறுத்தியவர் காவலாளியும் அல்லர், இராணுவத்தாரும் அல்லர்; அச்சபையின் அங்கத்தவர் ஒருவர். இது அயல்முகம், இதன் கையிலுள்ள பை ஐயத்திற்குரியது என்று அவர் கண்டுகொண்டார். தம் உயிரையும் அங்கேயே விட்டார். உள்ளே இருந்தவர்களின் தொகையை எண்ணினால் அவர் தடுத்தது எத்தகைய அழிவை என்பது விளங்கும். ஞாயிறுதோறும் வந்து, பிரசங்கம் கேட்டு, எவரோடும் பேசாமல் வீடு திரும்பும் மக்களைக் கொண்ட சபையிலே அந்தக் கண் வளர்ந்திருக்குமா?

அந்த ஏப்ரலுக்குப் பின் நம் ஆலய வாயில்களிலே பைகளைத் திறந்து பார்க்கும் வழக்கம் வந்தது. பெருநாட்களிலே பொலிசாரும் இராணுவத்தாரும் இன்றும் நிற்கின்றனர். இதை நான் குறைகூறேன். பிள்ளைகளைப் பறிகொடுத்த நாட்டிலே அது வேண்டியதே. என் அச்சம் வேறு. கொலைகாரனுக்காகப் போட்ட வேலி, மெல்ல மெல்லப் பித்தனையும் குடிகாரனையும் புதியவனையும் அழுகின்ற பிள்ளையையும் வெளியே நிறுத்தும் வேலியாக மாறிவருகின்றது. பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லி, முன்பு ஒழுங்கு என்ற சொல்லாற் செய்ய முடியாதவற்றையெல்லாம் செய்துவிடுகின்றனர். நகரத்துச் சபைகள் சிலவற்றிலே தாய்மாரையும் குழந்தைகளையும் கண்ணாடிக்குப் பின்னே தனியறையில் அமர்த்தி ஒலிபெருக்கியிற் பிரசங்கம் கேட்பிக்கின்றனர். அது தாய்மார்க்கு வசதி என்பர். உண்மையிலே வசதி பெறுபவர் பிரசங்கி.

ஆகவே சபை நடத்துவோரிடம் சில கேட்கின்றேன். பிரசங்கத்தின் பின், ஐயம் உடையவர் எழுந்து கேட்பதற்கு மாதத்தில் ஒரு ஞாயிறாவது பத்து நிமிடம் ஒதுக்குக. கேள்விக்கு இடமிருக்கும் சபையிலே எவரும் இடைமறிக்க வேண்டியதில்லை. வேதபாடம் வாசிப்பதை ஆசிரியர்க்கும் உத்தியோகத்தர்க்கும் மட்டும் உரியதாக்காது, எழுத்துக்கூட்டி வாசிக்கும் வயற்காரர்க்கும் கொடுக்க. சபை பொறுத்திருந்து கேட்கப் பழகட்டும். குழந்தை அழுதால் போதகர் சற்றே நிறுத்தட்டும். பவுலே மாடியிலிருந்து இறங்கினார். கண்ணாடி அறை கட்டச் சேர்த்த பணம் இருந்தால், பின்வரிசையிலே இரண்டு வாங்கில்களை அகற்றிப் பாய் விரித்தாலே போதும். வாயிலிலே பை பார்க்கும் கடமையை இளைஞரிடம் மட்டும் விட்டுவிடாது, யார் வீட்டுப் பிள்ளை யார் என்பதையும் எவருக்கு எந்த மாதம் சித்தம் கலங்கும் என்பதையும் அறிந்த ஒரு மூதாட்டியையும், ஒரு கதிரை போட்டு, அவர்கள் அருகே அமர்த்துக.